அடைக்கலமும் தீர்ப்பும்: இராமானுசரின் நாடுநீங்கல் கதைமரபில் இறைநீதி

ஆய்வுச் சுருக்கம்

சமயம் காரணமாக அரசனால் துன்புறுத்தப்பட்டு நாடு நீங்கியோரின் கதைகள் தமிழ்ப் பக்தி மரபில் பல உள்ளன. அவற்றுள் விரிவானது, இராமானுசர் திருவரங்கத்தை விட்டுப் போசள நாட்டிற்குச் சென்ற நிகழ்வைக் கூறும் வைணவக் குருபரம்பரைக் கதையாகும். துன்பத்திற்கு ஆளானவர் இறைவனின் நீதியை நம்புதல் என்பதற்கு இக்கதை எத்தகைய பொருளைத் தருகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கொடியவன் தண்டிக்கப்படுவான் எனக் காத்திருத்தலே அந்நம்பிக்கை என்பது மேலோட்டமான பொருளாகும். கூரத்தாழ்வான் நாலூரானுக்காக வேண்டிய நிகழ்வை அடியார்க்குச் செய்யும் பிழை பற்றிய வைணவக் கோட்பாட்டோடு இணைத்து நோக்கும்போது, தீர்ப்பின் ஒரு பகுதியை இறைவன் துன்புற்றவரிடமே ஒப்படைக்கிறான் என்ற ஆழமான பொருள் புலனாகிறது. தமிழ்நாட்டிற்கும் கருநாடகத்திற்கும் இடைப்பட்ட எல்லை நிலம் அடைக்கல நிலமாக அமைவதும், பெரியபுராணத்தின் இணைக் கதைகளும் இதற்குத் துணைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: இராமானுசர், கூரத்தாழ்வான், குருபரம்பரை, நாடுநீங்கல், அடைக்கலம், பாகவத அபசாரம், இறைநீதி, எல்லை நிலம்.

முன்னுரை

அரசனின் ஆணை ஒருவரை ஊரைவிட்டு வெளியேற்றும்போது அவர் இழப்பது வீட்டை மட்டுமன்று. முறையிடுவதற்குரிய இடத்தையும் அவர் இழக்கிறார். நீதி வழங்க வேண்டிய அரசனே துன்பம் செய்பவனாகிவிட்டால், அவனுக்கு மேலே வேறொரு நீதிமன்றம் உண்டா என்ற வினா எழுகிறது. உலகச் சமயங்கள் பலவற்றின் வழிபாட்டு இலக்கியங்களில் இவ்வினாவைக் காணலாம். தமிழில் இவ்வினா பெரும்பாலும் தத்துவ நூல்களில் நேரடியாகக் கேட்கப்படாமல், அடியார் கதைகளின் வழியே கேட்கப்பட்டுள்ளது.

இராமானுசரின் நாடுநீங்கல் கதை இவ்வகையில் தனித்தன்மை உடையது. பல அடியார் கதைகளில் இறைவன் உடனே தோன்றி இடர் களைகிறான். இக்கதையிலோ அவ்வாறு நிகழவில்லை. ஒருவர் கண்ணிழக்கிறார், ஒருவர் வழியிலேயே உயிர் துறக்கிறார், ஒருவர் பல ஆண்டுகள் அயல்நாட்டில் வாழ்கிறார். இத்தனைக்கும் இடையில் இறைநீதியின்மீது கொண்ட நம்பிக்கை எவ்வாறு நிலைபெற்றது என்பதே இக்கட்டுரையின் வினாவாகும்.

1. கதையும் சான்றுகளும்

பின்பழகிய பெருமாள் சீயர் இயற்றிய ஆறாயிரப்படி குருபரம்பரா பிரபாவம் முதலான மணிப்பிரவாள நூல்களும், திருவரங்கக் கோயில் வரலாற்றைக் கூறும் கோயிலொழுகும் இக்கதைக்குரிய முதன்மை ஆதாரங்கள். அவை கூறும் செய்தியின் சுருக்கம் வருமாறு: சிவனே முழுமுதற் கடவுள் என எழுதிக் கையொப்பமிடுமாறு சோழ அரசன் அறிஞர்களை வற்புறுத்துகிறான். அவனுடைய அமைச்சனான நாலூரான், பிறர் கையொப்பத்தால் பயனில்லை என்றும் இராமானுசரின் கையொப்பமே வேண்டும் என்றும் எடுத்துரைக்கிறான். நாலூரான் கூரத்தாழ்வானிடம் பயின்ற மாணவன் என்பது இக்கதையின் முதன்மையான கூறு.

அரசனின் ஆட்கள் திருவரங்கம் வந்தபோது இராமானுசர் நீராடச் சென்றிருந்தார். கூரத்தாழ்வான் ஆசிரியரின் காவியாடையையும் முக்கோலையும் தாம் தாங்கி, அவர் பெயரிலேயே அரசவைக்குச் சென்றார். முதியவரான பெரியநம்பியும் உடன் சென்றார். செய்தியறிந்த இராமானுசர், சீடர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி வெள்ளாடை உடுத்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். அரசவையில் கையொப்பம் கேட்கப்பட்டபோது, சிவம் என்னும் சொல்லுக்கு ஓர் அளவைப் பெயர் என்ற பொருளும் உண்டு என்பதைக் கொண்டு, அதனினும் துரோணம் பெரிது எனக் கூரத்தாழ்வான் எழுதினார் என்பர். இதனால் சினந்த அரசன் இருவரின் கண்களையும் பறிக்க ஆணையிட்டான். கொடியவனைக் கண்ட கண்கள் தமக்கு வேண்டா எனக் கூரத்தாழ்வான் தாமே அவற்றை நீக்கிக்கொண்டார் என்று மரபு கூறும். பெரியநம்பி திருவரங்கம் திரும்பும் வழியில் உயிர் துறந்தார்.

இந்நிகழ்வின் வரலாற்றுத் தன்மை குறித்துக் கருத்து வேறுபாடுகள் உள்ளன. கதை அரசனைக் ‘கிருமிகண்ட சோழன்’ என்றே சுட்டுகிறது. கண்டம் என்பது கழுத்து. கழுத்தில் புழு வைத்து மாண்டவன் என்ற பொருளில் பின்னர் இடப்பட்ட இழிபெயர் அது. அரசனின் இயற்பெயர் அன்று. அதிராசேந்திரன், முதற் குலோத்துங்கன் (1070–1120), இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) ஆகியோருள் ஒருவராக இவனை அடையாளம் காண அறிஞர்கள் முயன்றுள்ளனர். முதற் குலோத்துங்கன் காலக் கல்வெட்டுகள் திருவரங்கக் கோயிலிலேயே மிகுதியாக உள்ளன. இரண்டாம் குலோத்துங்கன் தில்லைக் கோவிந்தராசர் திருமேனியை அகற்றிய செய்தியை அவனுடைய அவைப்புலவர் ஒட்டக்கூத்தரின் நூல்கள் தெரிவிக்கின்றன. இராமானுசரின் வாழ்நாள் 1017 முதல் 1137 வரை எனக் கொள்ளும் மரபோடு இம்மூன்று அடையாளங்களும் முழுமையாகப் பொருந்துவதில்லை.

எனவே, இக்கதை நிகழ்ச்சிப் பதிவாக அன்றி, ஒரு சமயச் சமூகம் தன் துன்ப நினைவை ஒழுங்குபடுத்திக்கொண்ட வடிவமாகவே இங்குக் கொள்ளப்படுகிறது. அந்நினைவு இன்றும் வழிபாட்டில் உயிர்ப்புடன் உள்ளது. திருப்பெரும்பூதூரில் இராமானுசரின் ஆண்டு விழாவில் நிகழும் வெள்ளை சாத்துப்படி, அவர் காவியைக் களைந்து வெள்ளாடையில் ஊர் நீங்கியதை நினைவுகூர்வதாகும். வெற்றியை மட்டுமன்றி, தப்பிச் சென்றதையும் விழாவாகக் கொண்டாடும் மரபு இது.

2. முன்மாதிரி: கணிகண்ணன் கதை

வைணவ மரபு நாடுகடத்தலைப் பற்றிய மற்றொரு கதையையும் போற்றி வருகிறது. திருமழிசையாழ்வாரின் சீடரான கணிகண்ணன், பல்லவ அரசனைப் பாட மறுத்ததால் காஞ்சியை விட்டு வெளியேற்றப்படுகிறார். சீடர் இல்லாத ஊரில் தமக்கும் இடமில்லை என ஆழ்வாரும் புறப்படுகிறார். திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளையும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு உடன்வருமாறு அழைக்கிறார். பெருமாளும் அவ்வாறே புறப்பட, நகரம் பொலிவிழக்கிறது. அஞ்சிய அரசன் பின்தொடர்ந்து மன்னிப்புக் கேட்க, அனைவரும் திரும்புகின்றனர். அவர்கள் ஓரிரவு தங்கிய இடம் ‘ஓரிரவிருக்கை’ என்பது மருவி ‘ஓரிருக்கை’ என வழங்குகிறது என்றும், பெருமாள் ‘சொன்னவண்ணம் செய்த பெருமாள்’ எனப் பெயர் பெற்றார் என்றும் கூறுவர்.

இக்கதையில் இறைநீதி விரைந்து செயல்படுகிறது. அடியவரை வெளியேற்றிய நகரம் இறைவனையும் இழக்கிறது. ஒரே இரவில் ஆணை திரும்பப் பெறப்படுகிறது. இராமானுசர் கதை இதற்கு நேர்மாறானது. இங்கு அரங்கநாதர் திருவரங்கத்திலேயே இருக்கிறார், அடியவரே வெளியேறுகிறார். ஓரிரவு பன்னிரண்டு ஆண்டுகளாக நீள்கிறது. சொன்னவண்ணம் செய்யும் கடவுளை அறிந்திருந்த ஒரு மரபு, சொல்லியும் வராத கடவுளை எவ்வாறு புரிந்துகொண்டது என்பது இவ்விரு கதைகளையும் அடுத்தடுத்து வைக்கும்போது எழும் வினாவாகும். இக்கதைமரபில் இதற்கு இரண்டு விடைகளைக் காணலாம். முதலாவது, அடைக்கலம் தந்த மனிதர்களைப் பற்றியது. இரண்டாவது, தீர்ப்பைப் பற்றியது.

3. எல்லை நிலமும் அடைக்கலமும்

இராமானுசரின் வழியில் எந்த அற்புதமும் அவரைக் காக்கவில்லை, மனிதர்களே காக்கின்றனர். மலைக்காட்டில் களைத்து நின்றவர்களுக்கு வேடர்கள் தேனும் தினையும் தந்து, குளிர்காயத் தீ மூட்டி உதவுகின்றனர். அடுத்துக் கொங்கு நாட்டில் ‘கொங்குப் பிராட்டி’ எனப்படும் பெண்மணி அவர்களுக்கு உணவளிக்கிறாள். முன்பு தன் நாட்டில் மழை பொய்த்தபோது கணவனுடன் திருவரங்கம் வந்து தங்கி, இராமானுசரிடம் மந்திர உபதேசம் பெற்றவள் அவள். பஞ்சத்தால் ஊர்விட்டு வந்தவளுக்கு அன்று கிடைத்த ஆதரவு, இன்று அரசனால் ஊர்விட்டு வந்தவர்க்கு அவள் வழியாகத் திரும்பக் கிடைக்கிறது. கதை இதனை அற்புதம் எனக் கூறவில்லை. ஆயினும், இறைநீதி மனிதச் செயலின் வழியே இயங்கும் முறையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பகுதி இக்கதையில் வேறில்லை எனலாம்.

வேடர்கள், ஊர்ப்புற மனைவி ஒருத்தி, அயல்நாட்டு அரசன் என்ற வரிசை தற்செயலானதன்று. அரசவையில் கற்றறிந்த அமைச்சன் காட்டிக்கொடுக்க, காட்டில் கல்லாத வேடன் காக்கிறான் என்ற முரண் இதில் பொதிந்துள்ளது.

அடைக்கலம் கிடைப்பதற்கு ஓர் எல்லை தேவைப்படுகிறது என்பதும் இங்குக் கருதத்தக்கது. சோழ ஆணை செல்லும் தொலைவு முடியுமிடத்தில் வேறோர் ஆட்சி தொடங்கியதனால்தான் நாடுநீங்கல் பொருளுடையதாகிறது. போசள விஷ்ணுவர்தனன் 1116ஆம் ஆண்டளவில் தலைக்காட்டைச் சோழரிடமிருந்து கைப்பற்றினான். 1117இல் பேலூர்ச் சென்னகேசவர் கோயிலை நிறுவினான். அவன் இராமானுசரால் சமணத்திலிருந்து வைணவத்திற்கு மாறினான் என மரபு கூறும். ஆயினும் அவனுடைய அரசி சாந்தலை சமணராகவே வாழ்ந்தார். ஆகவே அடைக்கலம் தந்த நாடு ஒற்றைச் சமய நாடாக மாறிவிடவில்லை. பல சமயங்களுக்கு இடம் இருந்த நாடாகவே அது இருந்தது.

மரபு சுட்டும் வழி கொங்கு நாட்டையும் மேற்கு மலைகளையும் சார்ந்தது. அவ்வெல்லை நிலத்தின் கிழக்குத் தொடர்ச்சியே இன்றைய கிருட்டிணகிரி மாவட்டத்தின் ஓசூர், தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டைப் பகுதியாகும். தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மும்மொழிகளும் புழங்கும் நிலம் இது. இங்குள்ள குந்தாணி, 13ஆம் நூற்றாண்டில் போசள இராமநாதனின் தலைநகராக விளங்கியது. தேன்கனிக்கோட்டைப் பேட்டராய சுவாமி கோயில் இருமொழி மக்களும் வழிபடும் வைணவத் தலமாக உள்ளது. ராயக்கோட்டை மலைமேலுள்ள கோட்டையோ எல்லையின் மறுமுகத்தைக் காட்டுகிறது. மூன்றாம் மைசூர்ப் போரின்போது 1791இல் கிழக்கிந்தியக் கும்பினிப் படை அதனைக் கைப்பற்றியது. கோட்டை எல்லையை அடைக்கும். வழி எல்லையைத் திறக்கும். இந்நிலத்தின் வரலாற்றில் இரண்டும் அருகருகே உள்ளன.

புகலிடம் பெற்றவர் தாம் பிறருக்குப் புகலிடமாதல் இக்கதையின் அடுத்த நிலை. இராமானுசர் மேல்கோட்டையில் திருநாராயணர் கோயிலைப் புதுப்பித்தபோது, செல்வப்பிள்ளை திருமேனியை மீட்டுவரத் துணைநின்ற தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் ‘திருக்குலத்தார்’ எனப் பெயரிட்டு, திருவிழா நாட்களில் கோயிலுக்குள் செல்லும் உரிமை வழங்கினார் என மரபு கூறுகிறது. அவ்வுரிமை ஆண்டில் சில நாட்களுக்கே உரியதாயிருந்தது என்பது அதன் வரம்பு. எனினும், ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் நிலையை, ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட ஒருவர் கண்டுகொண்டார் என்ற நினைவை இக்கதை காத்து வருகிறது.

4. வினைக்கோட்பாடும் அதன் இடரும்

இறைவன் நீதியுள்ளவன் எனில் நல்லவர் ஏன் துன்புறுகின்றனர் என்ற வினாவைப் பிரம்ம சூத்திரம் (2.1.34) எழுப்புகிறது. இறைவனிடம் ஓரவஞ்சனையும் இரக்கமின்மையும் இல்லை. உயிர்களின் வினைக்கேற்பவே உலகில் ஏற்றத்தாழ்வு அமைகிறது என்பது அங்குக் கூறப்படும் விடை. இராமானுசரின் ஸ்ரீபாஷ்யமும் இவ்விடையை ஏற்கிறது.

தத்துவ நிலையில் இவ்விடை இறைவனைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கிறது. ஆனால் வாழ்க்கை நிலையில் இதில் ஓர் இடர் உண்டு. துன்பம் அனைத்தும் துன்புற்றவரின் வினைப்பயனே எனில், துன்புறுத்தியவன் அவ்வினையை நிறைவேற்றும் கருவியாக மட்டும் ஆகிவிடுகிறான். கண் பறித்தவனைவிடக் கண்ணிழந்தவரே விளக்கம் சொல்ல வேண்டியவராகிறார்.

குருபரம்பரைக் கதை இவ்விடரை அறிந்தே கையாள்கிறது. நெடுநாள் கழித்து இராமானுசர் திரும்பி வந்து கூரத்தாழ்வானைக் கண்டபோது, கூரத்தாழ்வான் தம் நிலைக்குத் தாமே காரணம் கூறுகிறார்: யாரோ ஓர் அடியாரின் நெற்றித் திருமண் கோணலாக இருப்பதாகத் தாம் எப்போதேனும் எண்ணியிருக்கக் கூடும் என்கிறார். தேடித் தேடியும் தம்மிடம் அவர் காணக்கூடிய குற்றம் அவ்வளவே. இராமானுசர் அதனை ஏற்கவில்லை. அவருக்கு ஏது பாவம், தம் பாவமே அவரை இந்நிலைக்கு ஆளாக்கியது என வருந்தினார் என்பர்.

இவ்வுரையாடல் நுட்பமானது. வினைக்கோட்பாட்டைத் துன்புற்றவர் தம்மளவில் பணிவாகக் கூறிக்கொள்கிறார். அருகில் நிற்பவரோ அதனை அவர்மேல் ஏற்ற மறுத்து, பொறுப்பைத் தம்மேல் ஏற்றுக்கொள்கிறார். ஒரே கோட்பாடு, கூறுபவர் யார் என்பதைப் பொறுத்துப் பணிவாகவும் ஆகலாம், பழியாகவும் ஆகலாம். பிறருடைய துன்பத்திற்கு வினை காட்டி விளக்கம் கூறும் உரிமையைக் கதை எவருக்கும் வழங்கவில்லை.

5. கழுத்துப் புண்ணும் நாலூரானும்

கதையின் முடிவில் இறைநீதி இரண்டு வடிவங்களில் தோன்றுகிறது. முதல் வடிவம் தண்டனை. அரசன் கழுத்தில் புண் ஏற்பட்டு, புழு வைத்து இறக்கிறான். மாருதிச் சிறியாண்டான் இச்செய்தியை மேல்கோட்டைக்குக் கொண்டுவர, இராமானுசர் திருவரங்கம் திரும்புகிறார். கேட்போரின் மனம் எதிர்பார்க்கும் முடிவு இது. அரசனுக்கு இடப்பட்ட பெயரே தண்டனையின் பெயராக அமைந்திருப்பது, சமூக நினைவில் இம்முடிவு பெற்றிருந்த வலிமையைக் காட்டுகிறது.

ஆயினும் கதை இத்துடன் முடியவில்லை. கூரத்தாழ்வானைக் காஞ்சிக்கு அழைத்துச் சென்ற இராமானுசர், வரதராசப் பெருமாளைப் பாடிக் கண்களை வேண்டுமாறு பணிக்கிறார். கூரத்தாழ்வானும் வரதராசஸ்தவத்தை இயற்றுகிறார். பெருமாள் வரம் தர இசைந்தபோது அவர் கண்களைக் கேட்கவில்லை. தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்று கேட்கிறார். காட்டிக்கொடுத்த மாணவனுக்கு வீடுபேறு வேண்டுகிறார். கண்களைப் பெறாமல் வந்ததற்காக இராமானுசர் முதலில் வருந்துகிறார். பின்னர், அத்தகையவரோடு தமக்குள்ள தொடர்பே தமக்கும் உய்வளிக்கும் என மகிழ்கிறார்.

இவ்வேண்டுதலைப் பெருந்தன்மை என்று மட்டும் கொள்வது போதாது. வைணவக் கோட்பாட்டில் இதற்கு உறுதியான அடிப்படை உண்டு. இறைவனுக்குச் செய்யும் பிழையினும் அடியார்க்குச் செய்யும் பிழை, அதாவது பாகவத அபசாரம், கொடியது என்பது அக்கோட்பாடு. பிள்ளை உலகாசிரியரின் ஸ்ரீவசனபூஷணம் இதனை வலியுறுத்துகிறது. இறைவன் தனக்கிழைத்த பிழையைப் பொறுப்பான். அடியாருக்கு இழைத்த பிழையைப் பொறுக்கும் உரிமை அவ்வடியாருக்கே உரியது. பாகவத புராணத்தின் ஒன்பதாம் கந்தத்தில், அம்பரீடனுக்குத் தீங்கு நினைத்த துருவாச முனிவர் சக்கரத்திற்கு அஞ்சித் திருமாலிடம் ஓடுகிறார். திருமால் தாமே காக்காமல், அம்பரீடனிடமே மன்னிப்புக் கேட்குமாறு அவரைத் திருப்பி அனுப்புகிறார்.

இக்கோட்பாட்டின் ஒளியில் நோக்கினால், நாலூரானுக்காக வேண்டக்கூடியவர் கூரத்தாழ்வான் ஒருவரே. அவர் வேண்டாதிருந்தால் இறைவனும் பொறுக்க வழியில்லை. துன்புற்றவரைக் கேளாமல் துன்புறுத்தியவனை மன்னித்துவிடும் கடவுள் இங்கு இல்லை. தண்டனை இறைவனுடையது, மன்னிப்பின் திறவுகோலோ துன்புற்றவரின் கையில் உள்ளது. அரசவையில் கூரத்தாழ்வானிடமிருந்து பறிக்கப்பட்டது பார்வை மட்டுமன்று. தம் வாழ்வைத் தாமே முடிவுசெய்யும் தகுதியும் அங்குப் பறிக்கப்பட்டது. காஞ்சியில் அத்தகுதி அவருக்குத் திரும்ப அளிக்கப்படுகிறது. இறைநீதி என இக்கதை சுட்டுவது இதனையே எனலாம்.

இங்கு இரண்டு செய்திகளைக் கவனத்தில் கொள்ள வேண்டும். ஒன்று, மன்னிப்பு இங்குக் கட்டாயமன்று. எவரும் கூரத்தாழ்வானை மன்னிக்குமாறு கேட்கவில்லை. இராமானுசரின் கட்டளைகூடக் கண்களைக் கேள் என்பதே. மன்னிக்கத்தான் வேண்டும் எனத் துன்புற்றவரை நெருக்குவது மற்றொரு வகைத் துன்புறுத்தலாகிவிடும். மற்றொன்று, அவர் அரசனுக்காக வேண்டியதாகக் கதை கூறவில்லை. தாம் கற்பித்த, முகமறிந்த ஒருவனுக்காகவே வேண்டுகிறார். மன்னிப்பு பொதுவான கொள்கையாக அன்றி, குறிப்பிட்ட இருவருக்கு இடையிலான உறவாகவே காட்டப்படுகிறது.

திருவரங்கத்தின் வாயிலில் நிகழ்ந்ததும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. கண்ணிழந்து திரும்பியவரிடம், இராமானுசரைச் சார்ந்தோர்க்கு அனுமதியில்லை. ஆயினும் நீர் நல்லவராதலால் செல்லலாம் எனக் காவலர் கூறினர். ஆசிரியரின் தொடர்பை அறுக்கும் நற்குணம் தமக்கு வேண்டா என அவர் திரும்பிவிட்டார். பின்னர்த் திருமாலிருஞ்சோலை சென்று தங்கிச் சுந்தரபாகுஸ்தவத்தை இயற்றினார். தமக்கு மட்டும் கிடைக்கும் விதிவிலக்கை மறுத்த அதே மனமே, தமக்கு மட்டும் கிடைக்கும் பேற்றையும் மறுத்து நாலூரானையும் உடன் அழைத்துக்கொண்டது.

6. சைவ மரபின் இணைக் கதைகள்

துன்புறுத்திய அரசன் சைவன் என்பது வைணவ நினைவு. சைவ நினைவிலோ துன்புற்றவர் சைவரே. சேக்கிழாரின் பெரியபுராணம் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் இயற்றப்பட்டது; கிருமிகண்டன் எனச் சிலர் கருதும் அரசனின் காலமே அது. அந்நூலில் திருநாவுக்கரசர் சமணர் தூண்டுதலால் பல்லவனிடம் நீற்றறை, நஞ்சு, யானை, கடல் எனப் பல இடர்களை எதிர்கொண்டு மீள்கிறார். இறுதியில் மனம் மாறிய அரசன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அக்கல்லைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எடுக்கிறான். திருஞானசம்பந்தர் கதையில் வாதில் தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறுகின்றனர். ஒருவரின் மீட்சி மற்றொருவரின் அழிவாக முடியும் இடங்கள் இவை. துன்புற்றோரின் நம்பிக்கை ஆட்சிபெற்றபின் பிறரைத் துன்புறுத்தும் உரிமையாக மாறக்கூடும் என்பதற்கு இவை சான்றாகின்றன. கிருமிகண்டன் என்ற பெயரில் வெளிப்படும் மனநிறைவும் இவ்வகையினதே.

ஆனால் அதே பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனாரும் உள்ளார். திருநீறு பூசிய வேடத்தில் வந்து தம்மைக் குத்திய முத்தநாதனை, மெய்க்காவலன் தத்தன் வாளால் எறியப்புகும்போது தடுத்து, அவன் நம்மைச் சேர்ந்தவன் என அறிவித்து, ஊர் எல்லைவரை பாதுகாப்பாகக் கொண்டுபோய் விடுமாறு அவர் ஆணையிடுகிறார். அவன் தீங்கின்றிச் சென்றான் என்ற செய்தியைக் கேட்ட பின்னரே உயிர் நீங்குகிறார். வேடத்தை மதித்தது இங்குக் காரணம். மாணவன் என்ற உறவை மதித்தது கூரத்தாழ்வான் கதையில் காரணம். காரணம் வேறாயினும் இருவரும், தமக்கு இழைக்கப்பட்ட தீங்கிற்கான தீர்ப்பைத் தாமே வழங்குகின்றனர். இருவரின் தீர்ப்பும் காத்தலாகவே அமைகிறது. ஒரே நூற்றாண்டைச் சார்ந்த நினைவுகளாக, எதிரெதிர் முகாம்களில் வழங்கிய கதைகள் இப்புள்ளியில் ஒன்றுபடுவது குறிப்பிடத்தக்கது.

7. எல்லையின் பிற்கால நினைவு

நாடுநீங்கல் பழங்கதையாக மட்டும் நின்றுவிடவில்லை. காவிரி நடுவர் மன்றம் 1991 சூன் 25இல் வழங்கிய இடைக்கால ஆணை அவ்வாண்டு டிசம்பரில் நடுவண் அரசிதழில் வெளியானதைத் தொடர்ந்து, பெங்களூரு, மைசூர் முதலிய பகுதிகளில் தமிழர்மீது வன்முறை நிகழ்ந்தது. வீடும் தொழிலும் விட்டுப் புறப்பட்ட குடும்பங்கள் பலவற்றிற்கு ஓசூர் வழியே தமிழ்நாட்டின் நுழைவாயிலாக அமைந்தது. 12ஆம் நூற்றாண்டுக் கதையில் தமிழ் நிலத்திலிருந்து கன்னட நிலத்திற்குச் சென்ற அடைக்கலப் பயணம், இங்கு எதிர்த்திசையில் நிகழ்ந்தது. இராமானுசருக்குப் புகலிடம் தந்த மேல்கோட்டை அமைந்துள்ள மாண்டியா மாவட்டமே காவிரிப் போராட்டங்களின் முதன்மைக் களமாகவும் விளங்கி வருகிறது.

இவ்விரு நிகழ்வுகளும் ஒரே தன்மையன அல்ல. ஒன்று சமயக் காரணத்தாலும், மற்றொன்று நீர், மொழி ஆகியவற்றின் அரசியலாலும் நிகழ்ந்தது. ஆயினும் எல்லை நிலத்தில் எவரும் என்றும் அடைக்கலம் தருபவராக மட்டுமோ, அடைக்கலம் பெறுபவராக மட்டுமோ இருப்பதில்லை என்பதை இவை சேர்ந்து உணர்த்துகின்றன. கொங்குப் பிராட்டி கதையின் உட்பொருளும் இதுவே.

முடிவுரை

இராமானுசரின் நாடுநீங்கல் கதைமரபு இறைநீதியின்மீது கொள்ளும் நம்பிக்கையை மூன்று நிலைகளில் விளக்குகிறது. முதலாவதாக, இறைநீதி உடனடி அற்புதமாக வெளிப்படாத காலத்தில், அது அடைக்கலம் தரும் மனிதரின் செயலாக வெளிப்படுகிறது. இரண்டாவதாக, துன்பத்திற்கு வினையைக் காரணமாகக் கூறும் உரிமை பிறருக்கு இல்லை. உடன் நிற்போரின் கடமை பொறுப்பேற்பதே. மூன்றாவதாக, கொடியவனின் தண்டனையோடு நீதி நிறைவு பெறுவதில்லை. தன் வாழ்வின்மீது அதிகாரம் இழந்தவருக்குத் தீர்ப்பளிக்கும் தகுதி மீண்டும் கிடைக்கும்போதே அது நிறைவு பெறுகிறது.

அரசன் புண்ணால் இறந்ததையும் நாலூரான் வேண்டுதலால் உய்ந்ததையும் மரபு ஒரே கதையில் வைத்துள்ளது. ஒன்றிற்காக மற்றொன்றை விலக்கவில்லை. கேட்போர் மனத்தில் இரண்டுக்கும் இடமுண்டு என அது அறிந்திருந்தது. ஆயினும் கதையைக் கொண்டுசெல்பவர் அரசனின் இறப்போடு நிறுத்தாமல், காஞ்சி வரை, கண்ணில்லாத ஒருவர் வரதன் திருமுன் நின்று தம்மைக் காட்டிக்கொடுத்தவனின் பெயரைச் சொல்லும் இடம் வரை செல்கிறார். அரசனின் பெயரைக்கூடப் பதிவு செய்யாத கதைமரபு, நாலூரானின் பெயரை இன்றுவரை மறக்கவில்லை. அப்பெயர் இன்று பழிப்பெயராக மட்டும் நினைக்கப்படாமைக்குக் காரணம் கூரத்தாழ்வானின் அவ்வேண்டுதலே.